இருபத்து நான்கு மணி நேர வாடகை

14 நவம்பர் 2025, வெள்ளி
பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே மதுரையில் இறக்கிவிட்டது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அப்பா வழக்கமாகத் தங்கிய லாட்ஜ், இப்போது ஒரு பட்ஜெட் ஹோட்டல் நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. கட்டடமும் உரிமையாளர் குடும்பமும் பழையனவே. "செக்-இன் பகல் 12 மணிக்குத்தான் சார், இப்பவே வேணும்னா தனியாக் கட்டணும்" என்றார் வரவேற்பில் இருந்த இளைஞர். அன்றெல்லாம் விடியற்காலை ஐந்தரைக்கு அறை எடுத்தால் மறுநாள் ஐந்தரை வரை அது நம்முடையது. வந்த நேரத்தை ரெஜிஸ்டரில் நிமிடம் பிசகாமல் எழுதிக்கொள்வார்கள். இரவு ரயிலில் வந்து, குளித்து, மீனாட்சியைத் தரிசித்து, நண்பகலில் நடை சாத்தியதும் கண்ணயர்ந்து, நான்கு மணிக்கு நடை திறந்ததும் மீண்டும் கோயிலுக்குப் போகிறவர்களுக்காகவே ஏற்பட்ட கணக்கு அது. நண்பகலில் தொடங்கும் நாள் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை.

15 நவம்பர், சனி
மொசைக் தரை அப்படியே இருக்கிறது. கதவுக்கு மேலிருந்த வென்டிலேட்டரை ஏ.சி.க்காகப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். ரூம் பாயை அழைக்கும் மணியின் கறுப்புப் பொத்தான், சுவரோடு சேர்த்து வெள்ளையடிக்கப்பட்டு, அழுத்த முடியாமல் இறுகிக் கிடக்கிறது. ஆனால் விரிப்பு வெளுப்பாக இருந்தது, குளியலறையில் வாடையில்லை. தனியாக வரும் பெண்ணுக்கு அறையில்லை என்று கைவிரித்த லாட்ஜுகள் அன்று பல. நேற்று என் கண்ணெதிரே ஒரு பெண் ஆதாரைக் காட்டிவிட்டு எந்தக் கேள்வியும் இல்லாமல் சாவி வாங்கிப் போனார். இதை மறைத்துப் பழைமையைப் புகழ எனக்கு மனமில்லை.

16 நவம்பர், ஞாயிறு
ரசீதில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரியே இல்லாதிருந்து, 2022 ஜூலையில் 12 சதவீதம் விதித்து, இந்தச் செப்டம்பரில்தான் குறைத்தார்கள். வாடகையை நிறுவனத்தின் கம்ப்யூட்டரே தினமும் ஏற்றி இறக்குகிறதாம். பேரம் பேச முதலாளிக்கும் வழியில்லை.

நாளை கார்த்திகை பிறக்கிறது. நள்ளிரவில் வேனில் வந்து சில மணி நேரம் படுத்து, குளித்துவிட்டுக் கிளம்பும் ஐயப்ப பக்தர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று பழைய ஊழியரிடம் கேட்டேன். "மூணாவது மாடி ரூமை ஆப்ல போடலை சார்" என்றார். அங்கே இன்றும் 24 மணி நேரக் கணக்குதான். நேரில் வந்து கேட்பவர்களுக்கு மட்டும்.