அக்கா கடைப் பெட்டி டெலிகிராமில் பேசுகிறது

கொட்டகலை பஜாரில் அக்கா ஒரு சின்னக் கம்யூனிகேஷன் நடத்துகிறார். போட்டோகொப்பி, ரீலோட், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரிண்ட். மூலையில் ராஸ்பெரி பை 3 என்ற ஒரு குட்டிக் கணினி இருக்கிறது, நாங்கள் 'பெட்டி' என்போம். ஸ்கேன் செய்தவற்றைச் சேமிப்பதும் பிரிண்டருக்கு அனுப்புவதும் அதன் வேலை. நான் வார நாட்களில் கண்டியில் போர்டிங். "தம்பி, பெட்டி செத்துப்போச்சு" என்று அக்கா கோல் எடுத்தால், கரண்ட் போனதா, இன்டர்நெட் போனதா, பெட்டியே படுத்துவிட்டதா என்று இங்கிருந்து எனக்கு எதுவும் தெரியாது. மூன்று தடவை இப்படி நடந்த பிறகு, பெட்டியின் லாக், அதாவது தனக்குள் நடப்பதை அது எழுதி வைக்கும் குறிப்புகள், என் டெலிகிராமுக்கே வந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

முதல் சனிக்கிழமை

லாக்கைச் சேர்த்து வேறிடம் அனுப்பும் சிஸ்லாக்-என்ஜி என்ற மென்பொருளை எடுத்தேன். டெலிகிராமுக்கு அனுப்பும் வசதி அதிலேயே இருக்கிறது, தனியாக ஸ்கிரிப்ட் எழுதத் தேவையில்லை. பெட்டியில் ஓடும் டெபியன் லினக்ஸில் மட்டும் ஒரு சிக்கல்: இணையம் வழியாக அனுப்பத் தேவையான எச்டிடிபி மொட்யூல் வேறு பேக்கேஜ். அதைப் போடாமல் ஒரு மணி நேரம் கான்ஃபிக் ஃபைலில் அடைப்புக்குறி எண்ணிக்கொண்டிருந்தேன்.

டெலிகிராமின் பொட்ஃபாதரிடம் ஒரு பொட், அதாவது தானாகச் செய்தி போடும் கணக்கு, வாங்கி, நானும் அக்காவும் அத்தானும் இருக்கும் ஒரு குரூப்பில் சேர்த்தேன். குரூப்பின் எண் கழித்தல் குறியோடுதான் வரும். நான் அந்தக் கோட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொப்பி செய்திருந்தேன். அப்படி ஒரு சாட்டே இல்லை என்று டெலிகிராம் திருப்பி அனுப்பியது. கோட்டைப் போட்டதும் 'லாகர்' கட்டளையில் அனுப்பிய சோதனைச் செய்தி டிங் என்று வந்து விழுந்தது. சந்தோஷத்தில் கடையிலேயே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, வருகிற லாக் எல்லாவற்றையும் அனுப்பும்படி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதே இரவு

போன் நிற்கவேயில்லை. கடை ரவுட்டரின் லாக்கையும் யூடிபி 514 என்ற, லாக் அனுப்பும் வழக்கமான போர்ட் வழியாகப் பெட்டிக்குத் திருப்பி வைத்திருந்தேன். கடை வைஃபையில் யாருடைய போன் சேர்ந்தாலும் ஐபி கேட்டது, கொடுத்தது என்று இரண்டு வரி. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரோன் ஓடும்போதெல்லாம் இன்னும் சில. டெலிகிராம் ஒரு குரூப்புக்கு நிமிடத்துக்கு 20 செய்திக்கு மேல் ஒரு பொட்டை விடாது. 429, அதாவது 'அளவுக்கு மேல் அனுப்புகிறாய்' என்று மறுத்துவிடும்.

மறுத்ததோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டெபியன் தரும் கான்ஃபிக்கில், சிஸ்லாக்-என்ஜி தன்னைப் பற்றி எழுதும் குறிப்புகளும் சிஸ்டம் லாக்கும் ஒரே சோர்ஸில்தான், அதாவது லாக் உள்ளே வரும் ஒரே வழியில்தான் இருக்கின்றன. நான் அந்த சோர்ஸை அப்படியே டெலிகிராமுக்குக் கட்டியிருந்தேன். '429 வந்தது' என்று அது ஒரு வரி எழுதும், அந்த வரியும் டெலிகிராமுக்குப் போகும், அதற்கும் ஒரு 429. நாய் தன் வாலைத் துரத்திய கதைதான். "என்னடா இது, தூங்க விடுறியா?" என்று அத்தான் குரூப்பை மியூட் செய்துவிட்டார்.

ஞாயிறு

முதலில் சோர்ஸை இரண்டாகப் பிரித்தேன். சிஸ்லாக்-என்ஜியின் சொந்தப் புலம்பல் இனி ஃபைலுக்கு மட்டும். அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்த த்ராட்டில் என்று ஒரு வசதி உண்டு, ஆனால் அது நொடிக் கணக்கு. நொடிக்கு ஒன்று என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 60 ஆகிவிடும். ஆகவே ஃபில்டர்தான் வழி.

சிஸ்லாக் என்ற லாக் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு தரம் உண்டு. 0 என்றால் வீடு பற்றி எரிகிறது, 7 என்றால் வெறும் டிபக் பேச்சு. சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக 80களில் எழுதிய முறை இன்றும் அதே எண்களோடு ஓடுகிறது. நான் 3க்கும் அதற்குக் கீழும், அதாவது எரரும் அதைவிட மோசமானதும் மட்டும் என்று வைத்தேன். குரூப் அமைதியானது. அத்தான் மியூட்டை எடுக்கவில்லை. அது வேறு விஷயம்.

அடுத்த வாரம்

செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' என்று ஒரு வரி. புதனும் அதே நேரம். வியாழனும். பெட்டிக்கு வரும் மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் லினக்ஸின் மையமான கெர்னல் இப்படிக் கத்தும். ஆறு மணி என்றால் லயத்து வீடுகளிலெல்லாம் லைட் போட்டு கேத்தல் வைக்கும் நேரம், அதனால் லைன் கரண்ட்தான் இறங்குகிறது என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதே என்று பிறகு உறுத்தியது. அக்காவிடம் கேட்டேன்.

"ஆறு மணிக்கு என்ன செய்வீங்க?"

"கடை சாத்தும் முன்ன ஹார்ட் டிஸ்க்கைக் குத்தி பேக்கப் எடுப்பேன். நீதானே சொல்லித் தந்த?"

டிஸ்க் இழுக்கும் கரண்ட்டைப் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டியது போன் சார்ஜருக்கு வந்த ஒரு நூல் மாதிரி கேபிள். பெட்டி அடிக்கடி படுத்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ராஸ்பெரி பைக்கென்றே விற்கும் 5.1 வோல்ட், 2.5 ஆம்ப் அடாப்டரை மாற்றினேன். அதற்குப் பிறகு ஆறு மணிக்குச் சத்தம் இல்லை.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். வோல்டேஜ் இறங்கியது தரம் 2, அது வந்துவிட்டது. 'வோல்டேஜ் நார்மலைஸ்ட்' என்று சரியாகிவிட்டதைச் சொல்லும் செய்தி தரம் 6, ஃபில்டரில் மாட்டிக்கொண்டது. நோய் வந்ததைச் சொல்லி, சுகமானதைச் சொல்லாத பெட்டி. அந்த வரிக்கு மட்டும் தனியாக வழி விட்டேன்.

இப்போது

இன்டர்நெட் அறுந்ததைச் சொல்ல இன்டர்நெட் வேண்டும், இதற்கு மருந்தே இல்லை. செய்ய முடிந்தது இரண்டுதான். அனுப்ப வேண்டியவற்றை டிஸ்க்கில் எழுதி வைக்கும் டிஸ்க் பஃபரை 'ரிலையபிள்' என்று வைத்ததில், அனுப்ப முடியாதவை அழியாமல் வரிசையில் காத்திருக்கின்றன. செய்தியின் வடிவத்தைச் சொல்லும் டெம்ப்ளேட்டில் நேரத்தையும் சேர்த்ததால், ஐந்து மணிக்கு வந்து விழும் செய்தி மூன்றரைக்கு நடந்ததென்று தெரிகிறது.

தெரிகிறது என்று நினைத்தேன். போன திங்கள் இடி மின்னலோடு கரண்ட் கட். திரும்ப வந்தபோது, பெட்டி எழுந்ததும் எழுதிய வரிகளில் கரண்ட் போன நேரமே இருந்தது. இந்தப் பெட்டிக்குள் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. கடைசியாக எழுதி வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். எங்கள் பக்கம் 4ஜி ரவுட்டர் எழுந்து சிக்னல் பிடிக்கவே சில நிமிடம் ஆகும்.

டீஎஸ்3231 என்ற சின்னக் கடிகார மொட்யூல், நாணய பேட்டரியோடு, கண்டியில் ஒரு கடையில் இருக்கிறதாம். சனிக்கிழமை ரயிலுக்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.