சிரப் பாட்டிலில் மருந்து போக மீதி என்ன? கணக்குப் பார்த்து மாற்றும் விதம்

தினமும் இரண்டு மூன்று சிரப் குடிக்கிற குழந்தை வீட்டில் இருந்தால் மருந்தின் பெயரும் அளவும் தானாகவே மனப்பாடமாகிவிடும். ஆனால் 5 மி.லி.யில் மருந்து சில நூறு மில்லிகிராம் இருந்தாலே அதிகம். மீதியெல்லாம் தண்ணீர், இனிப்பு, கரைப்பான், கெட்டுப்போகாமல் காக்கும் பொருள், நிறம், வாசனை. மாதக்கணக்கில் மருந்து எடுக்கும் குழந்தைக்கு இந்த மீதியை ஒருமுறையாவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தே தீர வேண்டும். மூன்று நாள் காய்ச்சல் மருந்துக்கு, பச்சிளங்குழந்தைகளையும் பிறவி வளர்சிதைக் குறைபாடு (சில உணவுப்பொருள்களை உடலால் உடைக்க முடியாத பிறவிக் குறை) உள்ள குழந்தைகளையும் தவிர மற்றவர்களுக்கு, இவ்வளவு பாடு தேவைப்படாது.

முதலில் வீட்டில் இருக்கும் எல்லாப் பாட்டில்களையும் மேசையில் வையுங்கள். வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம், இருமல் சிரப் எதையும் விடாதீர்கள். கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் 'இது வெறும் சத்து மருந்துதானே' என்று ஒதுக்கியதுதான். ஒவ்வொன்றுக்கும் 5 மி.லி.யில் எவ்வளவு மருந்து, ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., நாளைக்கு எத்தனை வேளை என்று எழுதுங்கள். பிறகு இனிப்பு என்ன என்று தேடுங்கள். இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வது. லேபிளில் 'சுவையூட்டிய சிரப் கலவை' என்று மட்டும் போட்டிருக்கும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் துணைப்பொருள் பட்டியல், அதாவது மருந்து போக மீதி உள்ளவற்றின் பட்டியல், இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் மருந்தாளுநரிடமோ, லேபிளில் உள்ள முகவரி வழியே தயாரிப்பாளரிடமோ கேட்க வேண்டும். 'சர்க்கரை இருக்கிறதா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வந்து நின்றுவிடும். '5 மி.லி.யில் சுக்ரோஸ், சார்பிட்டால், கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம்?' என்று கேளுங்கள். முதல் மூன்றும் இனிப்புகள், கடைசியது கரைப்பான். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சுக்ரோஸ் என்பது வீட்டுச் சர்க்கரையேதான். 5 மி.லி.யில் 3 கிராம் இருந்து, நாளைக்கு மூன்று வேளை 5 மி.லி. கொடுத்தால் 9 கிராம், 36 கலோரி. மாதத்துக்கு 270 கிராம். ஒரு தட்டில் அந்த அளவு சர்க்கரையை நிறுத்து வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்று உறைக்கும். தயாரிப்பாளர்கள் சர்க்கரையை விரும்புவதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. 100 மி.லி.க்கு 85 கிராம் அளவுக்குக் கரைத்த பாகில் கிருமிகள் பிழைக்கத் தண்ணீர் கிடைக்காது. பாகே மருந்தைக் கெடாமல் காக்கிறது. அதனால்தான் 'இனிப்பு அதிகம்' என்று பாட்டிலிலேயே தண்ணீர் ஊற்றி வைக்கக் கூடாது. காப்பும் போகும், அளவும் குழம்பும்.

பல்தான் முதலில் அடி வாங்கும். பல்லின் மேல் உள்ள படலத்தின் pH எண் (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், படுக்கும்போது கொடுக்கும் சிரப் பல்லிலேயே தங்கிவிடுகிறது. இரவு வேளையைச் சாப்பாட்டோடு நகர்த்த முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் மருந்துக்குப் பின் தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரம் கழித்துப் பல் துலக்கிவிட்டுப் படுக்க வையுங்கள். பல் முளைக்காத குழந்தைக்கு ஈறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். சர்க்கரை இல்லாத சிரப்பிலும் சிட்ரிக் அமிலம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் கொடுப்பதை விடாதீர்கள்.

இனி 'சர்க்கரை இல்லாதது' என்ற வார்த்தை. மருந்து லேபிளில் இதற்குப் பொருள் பெரும்பாலும் சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இல்லை என்பது மட்டுமே. சார்பிட்டால், மால்டிட்டால், கிளிசரின் இருக்கலாம். இவை பல்லுக்கு நல்லவை. வயிற்றுக்கு எப்போதும் அப்படியில்லை. சார்பிட்டால் முழுதாக உறிஞ்சப்படாமல் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 140 மி.கி. எட்டினால் வயிற்றுப் பொருமலும் லேசான பேதியும் வரலாம் என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் குறிப்பு. 10 கிலோ குழந்தைக்கு இது 1.4 கிராம். 5 மி.லி.யில் 1 கிராம் சார்பிட்டால் உள்ள சிரப்பை இரண்டு வேளை கொடுத்தாலே 2 கிராம் ஆகிவிடுகிறது. சிரப்பை மாற்றிய வாரத்தில் வயிறு இளகினால் சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நிறுத்துவதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்; வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே திரும்பலாம்.

சார்பிட்டால் உடலில் ஃபிரக்டோஸாக மாறுகிறது. பிறவியிலேயே ஃபிரக்டோஸ் ஒவ்வாத குறைபாடு உள்ள குழந்தைக்குச் சார்பிட்டாலும் சுக்ரோஸும் ஆபத்து. ஃபீனைல்அலனைன் என்ற புரதக்கூறை உடலால் உடைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் இருந்தால் பார்க்க வேண்டியது அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு. அதன் எடையில் சுமார் 56 சதவீதம் ஃபீனைல்அலனைன். 5 மி.லி.யில் 12 மி.கி. அஸ்பார்டேம் என்றால் கிட்டத்தட்ட 6.7 மி.கி. ஃபீனைல்அலனைன். அந்த நோய் இல்லாத குழந்தைக்கு மருந்தில் வரும் இந்த அளவு பயப்பட வேண்டியதில்லை. வலிப்புக்காகக் கீட்டோஜெனிக் உணவில் (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவுமுறை) இருக்கும் குழந்தை என்றால் சுக்ரோஸோடு சார்பிட்டாலும் கிளிசரினும் மாவுச்சத்துக் கணக்கில் சேர வேண்டும். உணவியலாளரிடம் மருந்துப் பட்டியலையும் கொடுங்கள், ஏனென்றால் தட்டில் உள்ளதை மட்டுமே எண்ணினால் கணக்கு உதைக்கும்.

கரைப்பானும் காப்புப் பொருளும் கைக்குழந்தை விஷயத்தில்தான் பெரிதாகின்றன. புரோப்பிலீன் கிளைக்காலுக்கு ஐரோப்பிய மருந்து முகமை தரும் ஒரு நாள் வரம்பு: பிறந்து 28 நாள் வரை கிலோவுக்கு 1 மி.கி., அதன் பின் ஐந்து வயதுக்குள் கிலோவுக்கு 50 மி.கி. எல்லாப் பாட்டில்களிலிருந்தும் வருவதைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இன்னொரு சிரப்பில் ஆல்கஹால் இருந்தால் இரண்டையும் ஒரே நொதிதான் உடைக்க வேண்டும், ஆகவே இரண்டும் தேங்கலாம். காப்புப் பொருள்களில் சோடியம் பென்சோயேட் பச்சிளங்குழந்தையின் மஞ்சள்காமாலையை மோசமாக்கக்கூடும். பென்சைல் ஆல்கஹால் பிறந்து நான்கு வாரத்துக்குள் கூடவே கூடாது. 1982-இல் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததற்கு அது காரணமாகத் தெரியவந்தது. நிறங்களில் டார்ட்ரசின் (மஞ்சள் நிறமி) போன்றவை ஒருசில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும். தடிப்பு வந்தால் நிறத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டி மாற்று சிரப் கிடைத்த பிறகுதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பழைய சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி., புதியது 5 மி.லி.யில் 250 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் அதே 5 மி.லி. ஊற்றினால் மருந்து இரட்டிப்பு. மருந்துச்சீட்டில் மில்லிகிராமும் மி.லி.யும் இரண்டும் எழுதி வாங்குங்கள். ஊசியில்லாத வாய் சிரிஞ்சில், கொடுக்க வேண்டிய அளவுக் கோட்டிலேயே ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். பழைய பாட்டிலை அன்றே அகற்றுங்கள்; இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

சுவை மாறுவதால் முதல் சில நாட்கள் துப்புவார்கள். செயற்கை இனிப்பான சாக்கரின் நாக்கில் உலோகக் கசப்பை விட்டுப் போகும். கன்னத்தின் உட்புறமாகச் சிரிஞ்சை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கசப்பு நாக்கில் அவ்வளவாகப் படாது. மருந்து அனுமதித்தால் குளிரவைத்தும் கொடுக்கலாம். முழு டம்ளர் பாலில் கலக்காதீர்கள். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. ஒரு வயதுக்குள் தேன் கலப்பது கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற கிருமி நச்சு நோய் வரும் அபாயம் உண்டு.

சர்க்கரை இல்லாத சிரப்பே கிடைக்கவில்லை என்றால் கரையும் மாத்திரையோ, பொடித்துக் கொடுக்கக்கூடிய மாத்திரையோ உண்டா என்று கேளுங்கள். மெதுவாக மருந்தை விடும் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, ஒரு நாள் மருந்து மொத்தமாக இறங்கிவிடும். எதற்கு மாறினாலும், அடுத்த முறை வாங்கும்போது பாட்டிலின் நிறமோ நிறுவனமோ மாறியிருந்தால் துணைப்பொருள் பட்டியலை மறுபடி முதல் வரியிலிருந்து பாருங்கள். அதே மருந்துப் பெயரிலும் இனிப்பு வேறாக இருக்கலாம்.