தீயில் காய்ந்த பறைதான் பேசும்

பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சாவு வீட்டு வாசலிலேயே நிற்கவைக்கப்பட்ட கருவியை மேடைக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் சகோதரி சந்திராவிடம் பழகிய தலித் பெண்கள் இன்னொரு வேலியையும் தாண்டினார்கள். ஆண்கள் மட்டுமே மாட்டிவந்த பறையைத் தங்கள் தோளில் மாட்டினார்கள்.

இவர்களைப் பார்த்துக் கிளம்பும் புதுக்குழுக்கள் பாட்டையும் முழக்கத்தையும் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். கோட்டை விடுவது கருவியில்தான். தொய்ந்த பறை எவ்வளவு நல்ல சேதியையும் 'பொத்து பொத்து' என்று விழுங்கிவிடும்.

பறை ஏறக்குறைய 35 செ.மீ. அகலம். வளைத்துச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகடு வைத்துச் சேர்த்து வட்டமாக்குவார்கள், வேம்பு நல்லது. ஒரு பக்கம் மட்டும் மாட்டுத்தோல், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியது. ஈரக்காற்று பட்டால் தோல் தளரும், அதனால்தான் காய்ச்சுகிறோம்.

காற்று மறைவான இடமாகப் பார்த்து வைக்கோலோ காய்ந்த ஓலையோ கொளுத்துங்கள். தோல் தீயைப் பார்த்திருக்க, பறையைச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் தோல் கருகிச் சுருங்கும், பிறகு ஓங்கி விழும் ஓர் அடியில் கிழியும். விளிம்பில் சூடு அதிகமானால் பசை விட்டுவிடும். நடுவில் விரலால் சுண்டிப் பாருங்கள். 'ணங்' என்று வந்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மார்கழிப் பனியில் ஆட்டம் என்றால் நடுவில் ஒருமுறை திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கும், அந்த நேரத்தைப் பாட்டுக்கோ பேச்சுக்கோ ஒதுக்கிவையுங்கள். மழைக்கு ஃபைபர் பறை கைகொடுக்கும். ஆனால் தோலின் அதிர்வு நெஞ்சில் வந்து விழுவதுபோல் அதில் விழாது.

இடக்கையில் மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி, சுமார் 28 செ.மீ.; வலக்கையில் தடித்த அடிக்குச்சி, சுமார் 18 செ.மீ. புதியவர்கள் அடிக்குச்சியை இறுக்கிப் பிடித்துத் தோள்பலத்தில் அடிப்பார்கள். பத்து நிமிடத்தில் கை மரத்துப்போகும், தாளமும் ஓடிவிடும். மணிக்கட்டு தளர்ந்திருக்கட்டும். கால் அடவைத் தனியாகவும் அடியைத் தனியாகவும் பழகிய பிறகே சேர்க்க வேண்டும்.

சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி எனத் தாளங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு. ஆணவக்கொலையைப் பற்றிய நிகழ்வில் மாரடிப்பு அடியை மெதுவாக எடுத்து, உச்சத்துக்குப் போகும் முன் சட்டென்று நிறுத்துங்கள். அந்த அமைதியில் பேசும் இரண்டு வரி கடைசி வரிசை வரை போய்ச் சேரும். அடித்துக்கொண்டே பேசினால் முன்வரிசைக்கே கேட்காது.

இன்னொன்று. கூலியும் வண்டிச்செலவும் சாப்பாடும் முன்னாலேயே பேசி முடியுங்கள். தலைவர் வரும்போது வாசலில் நின்று வரவேற்பு அடிக்க மட்டும் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். பறையை மறுபடி பழைய வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும் வேலை அது. நிகழ்ச்சி நிரலில் குழுவின் பெயரும் நேரமும் அச்சாகட்டும். சிண்டுக்குச்சி மட்டும் கூடுதலாக நான்கைந்து எடுத்துப் போங்கள், ஆட்டம் சூடுபிடிக்கும்போது அதுதான் முதலில் முறியும்.