மனிஷா கல்யாண் ஏன் வெளிநாட்டில் ஆடுகிறார்?

பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்து, நடுக்களத்திலும் பக்கவாட்டிலும் ஆடும் இந்தியக் கால்பந்து வீராங்கனை மனிஷா கல்யாண், 2021 நவம்பரில் மனௌஸ் நகரில் பிரேசில் அணிக்கு எதிராகக் கோல் அடித்தார். இந்தியா 6-1 என்று தோற்றது உண்மைதான். ஆனால் ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய பிரேசில் நடுக்கள வீராங்கனை ஃபார்மிகாவின் பிரியாவிடைப் போட்டியில், தொடக்க நிமிடங்களிலேயே ஆட்டத்தைச் சமன் செய்த அந்தக் கோலை நான் ஒருபோதும் சிறியதாக எண்ணமாட்டேன்.

2022இல் கோகுலம் கேரளாவிலிருந்து சைப்ரஸின் அப்போலோன் அணிக்குச் சென்ற அவர், அந்த ஆகஸ்டிலேயே ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். பின்னர் கிரீஸின் பாவோக், அடுத்து பெருவின் அலியான்சா லிமா.

"அவ்வளவு தூரம் ஏன் போகணும், டீச்சர்?" என்று கோத்தகிரி காந்தி மைதானத்தில் பயிற்சிக்கு வரும் மாணவி ஒருத்தி கேட்டாள். இந்திய மகளிர் லீக்கில் 2024-25 பருவத்தில் எட்டு அணிகளே ஆடின. ஓர் அணிக்குக் கிடைத்தவை 14 ஆட்டங்கள். பந்து காலுக்கு வருமுன்பே தோளுக்குப் பின்னால் பார்த்து, எதிரணியினர் நெருங்கும் திசையை அறிந்து, அடுத்த பாஸை முடிவு செய்யும் திறமை பயிற்சியில் தொடங்கினாலும், கடுமையான போட்டிகளில்தான் முதிர்கிறது. கடலூரைச் சேர்ந்த நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் போன்றவர்களுக்கு அத்தகைய போட்டிகள் இங்கேயே ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டுமென்று மனமார விரும்புகிறேன்.