ஊசி போட்டுக்கொள்பவர்களைச் சாப்பிடச் சொல்லும் வேலை

உணவியல் ஆலோசகராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மற்றவர்களைக் குறைவாகச் சாப்பிடச் சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. காலைப் புரோட்டாவை இரண்டிலிருந்து ஒன்றாக்குங்கள், தேநீரில் கெட்டிப்பால் வேண்டாம், மதியச் சோற்றில் பாதியை எடுத்து வைத்துவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, உறவினர் வீட்டு விருந்துக்குப் போனால்கூட என்னைக் கண்டதும் தட்டை மறைப்பவர்கள் உண்டு. எடைக் குறைப்புக்கான வாராந்தர ஊசி மருந்துகள் சிங்கப்பூரிலுள்ள எங்கள் மருத்துவமனையில் புழக்கத்துக்கு வந்த பிறகு அந்த வேலை தலைகீழாக மாறிவிட்டது. என் எதிரே வந்து உட்காருபவர்களில் கணிசமானோரை இப்போது நான் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறேன். அதோடு நிறுத்தாமல், எடை தூக்கும் பயிற்சிக்குப் போகிறீர்களா என்றும் கேட்டு நச்சரிக்கிறேன்.

ஒசெம்பிக், வீகோவி என்ற பெயர்களில் வரும் செமகுளுடைட்டும், மவுஞ்ஜாரோ என்று வரும் டிர்செபடைட்டும் சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போலச் செயல்படுபவை. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளையில் பசியையும் நிறைவையும் உணர்த்தும் பகுதிகளில் வேலை செய்து, நாலு வாய் சாப்பிட்டதுமே போதும் என்ற எண்ணத்தை இவை உண்டாக்குகின்றன. 2021இல் வெளியான செமகுளுடைட் ஆய்வில், 1,961 பேர் பங்கேற்றார்கள்; அவர்களில் மருந்து எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 விழுக்காட்டை இழந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த டிர்செபடைட் ஆய்வில், அதிகபட்ச அளவு மருந்து எடுத்தவர்களுக்கு அது 72 வாரங்களில் ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்தது. என் ஆலோசனை அறையில் எத்தனை உணவு அட்டவணைகள் எழுதிக் கொடுத்தாலும் இந்த எண்களின் பக்கத்தில் வரமுடியாது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஊசி போட்டு இளைப்பதைக் குறுக்கு வழி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இருபது வருடமாக நீரிழிவோடும் மூட்டுவலியோடும் மல்லுக்கட்டியவருக்கு ஒரு மருந்து பலன் தருகிறது என்றால் அதில் என்ன குறுக்கு வழி இருக்கிறது?

இழந்த எடையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்பதுதான் என் அக்கறை. அதே செமகுளுடைட் ஆய்வில் 140 பேருக்கு, உடலில் கொழுப்பு எவ்வளவு, மற்றத் திசு எவ்வளவு என்று அளக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இழந்த எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு கொழுப்பற்ற திசுவாக இருந்தது. டிர்செபடைட்டில் அது சுமார் கால்பங்கு. கொழுப்பற்ற திசு என்பதில் நீரும் உள்ளுறுப்புகளும் அடங்கும் என்பதால் அவ்வளவும் தசை என்று பதறத் தேவையில்லை. எந்த வழியில் எடை குறைந்தாலும் கொஞ்சம் தசை போகத்தான் செய்யும். ஆனால் நம்மவர்கள் தொடக்கத்திலேயே கையிருப்புக் குறைந்தவர்கள். ஒரே உயரமும் எடையும் கொண்ட ஓர் ஐரோப்பியரையும் ஒரு தமிழரையும் பக்கத்தில் நிறுத்தினால், பெரும்பாலும் நம்மவரின் உடம்பில்தான் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும். எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல்நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தாண்டியதுமே சிங்கப்பூரில் எச்சரிக்கை தொடங்குவதற்கும், 27.5இலேயே அதிக ஆபத்து என்று வகுத்திருப்பதற்கும் ஆசிய உடல்வாகுதான் காரணம். சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலினின் தூண்டுதலால் உள்வாங்குவது தசைதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீரிழிவுக்காரர் ஒருவர் தசையை இழப்பது எவ்வளவு பெரிய நட்டம் என்பது புரியும்.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்காவின் உணவுக் குறிப்பேட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். காலையில் பால் தேநீரும் இரண்டு மாரி பிஸ்கட்டும். மதியம் ஒரு கிண்ணம் சோறு, ரசம், ஒரு கரண்டி முட்டைகோஸ் பொரியல். இரவில் ஒரு தோசை, அதுவும் சில நாள்களில் பாதியோடு சரி. வாரம் முழுவதும் இதேதான். மீன் வாசனை குமட்டுவதாக ஓரத்தில் எழுதியிருந்தார். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளின் புரதம் 20 கிராமைத் தாண்டவில்லை. அவருடைய எடைக்குத் தேவையானது 80 கிராமுக்கு மேல். எடை இயந்திரமோ நல்ல செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அடுக்குமாடி புளோக்கில் பார்ப்பவர்கள் எல்லாம் இளமையாகிவிட்டதாகப் புகழ்ந்தார்களாம். கோயிலில் தரையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்பதை, நான் கேட்ட பிறகு, அது வயதின் கோளாறு என்ற பாவனையில் சொன்னார்.

"பசியே இல்லையே தங்கச்சி, பசிக்காம எதுக்குச் சாப்பிடணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். பசித்துப் புசி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களிடம், மருந்து மாத்திரைக்கு நேரம் பார்ப்பதுபோல் சாப்பாட்டுக்கும் நேரம் பாருங்கள் அக்கா என்று சொல்வது எனக்கே விசித்திரமாகத்தான் இருந்தது.

கவனித்துப் பார்த்ததில், பசி குறையும்போது நம் வீடுகளில் முதலில் தட்டைவிட்டுப் போவது புரதம்தான். சோறு போகாது. குமட்டல் இருக்கும் நாளில் ரசம் சோறும், கஞ்சியும், கிரீம் கிராக்கரும் தொண்டையில் இறங்கும். கோழியும் மீனும் இறங்காது. அதனால் நான் முதலில் மாற்றுவது சாப்பிடும் வரிசையைத்தான். முட்டையோ மீன் துண்டோ பருப்போ முதலில் வயிற்றுக்குள் போகட்டும், இடம் மிஞ்சினால் சோறு. இரைப்பை மெதுவாகக் காலியாகும் ஒருவருக்கு இந்த வரிசை மிகவும் முக்கியம். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் என்பது நாங்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு. ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான் என்பதால், ஒரு வேளையில் அதை எட்ட முடியாது. மூன்று நான்கு வேளையாகப் பிரித்தே தீர வேண்டும். புரட்டாசி வந்துவிட்டால் வீடே சைவமாகிவிடும். அப்போது இந்த ஊரில் இருப்பதன் வசதி கைகொடுக்கிறது: எந்த ஈரச்சந்தையிலும் தாவ் குவா என்ற கெட்டியான சோயாக் கட்டியும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும் மலிவாகக் கிடைக்கின்றன. தெம்பேயை மிளகாயும் புளியும் சேர்த்து வறுத்தால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலி வறுவலுக்கு ஈடாக இருக்கும். 100 கிராமில் 19 கிராமை ஒட்டிய புரதமும் உண்டு.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீண்டகால நீரிழிவுக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம் என்பதால், இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் யாருக்கும் நான் புரதத்தைக் கூட்டுவதில்லை. உடற்பயிற்சிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று புரத மாவு டப்பாவை வாங்கி வருபவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

ஆனால் சாப்பாடு மட்டும் தசையைக் காப்பாற்றாது. தசைக்கு வேலை இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். எங்கள் உடலியக்கச் சிகிச்சையாளர் இதை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் பெரும்பாலானோரின் பதில் ஒன்றுதான்: "நான்தான் தினமும் நடக்கிறேனே." 2015ஆம் ஆண்டு முதல் சுகாதார மேம்பாட்டு வாரியம் நடத்திவரும் காலடிச் சவால் இந்த ஊரையே நடக்க வைத்துவிட்டது, மணிக்கட்டுக் கருவியில் பத்தாயிரம் அடி காட்டாமல் படுக்கப் போகாத பெரியவர்களை எனக்குத் தெரியும். இதயத்துக்கு நடை நல்லது. எடை குறைந்துகொண்டிருக்கும் உடம்பில் தொடையையும் தோளையும் முதுகையும் தக்கவைக்க அது போதாது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைவலுப் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி சொல்வது எல்லாப் பெரியவர்களுக்கும் பொருந்தும்; ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

தயக்கங்கள் பலவகை. அரசின் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், இளைஞர்கள் கண்ணாடி முன் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்குச் சேலை கட்டிப் பழகிய ஒரு பெண்மணியைப் போகச் சொல்வது சுலபமில்லை. "கையெல்லாம் ஆம்பளைக் கைமாதிரி ஆயிடாதா?" என்ற கேள்வியும் வரும். அப்படி ஆவதற்கு இளம் வயதுக்காரர்களே ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரிக்க வைப்போம். தொடக்கம் எளிமையானது: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுப்பது, ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகு வளையாமல் தரையிலிருந்து தூக்கி வைப்பது. அது சுலபமாகிவிட்டால் கனம் கூட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே பட்டையை, ஒரே எண்ணிக்கையில், மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வியை நோயாளிகளைவிட அவர்களுடைய பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள், செலவு அவர்கள் தலையில் விழுவதால். செமகுளுடைட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. திரும்பும் எடை பெரும்பாலும் கொழுப்பாகத்தான் சேரும். முயற்சி இல்லாமல் தசை திரும்பாது. டென்மார்க்கில் 195 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் எனக்குப் பயன்படுகிறது. முதலில் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களை நான்கு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். இதே வகையைச் சேர்ந்த லிராகுளுடைட் ஊசியும் உடற்பயிற்சியும் சேர்ந்த பிரிவுதான் உடற்கொழுப்பை அதிகம் குறைத்தது. எல்லாவற்றையும் நிறுத்தி இன்னோர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி மட்டும் போட்டவர்களைவிட, உடற்பயிற்சியும் செய்திருந்தவர்கள் குறைத்த எடையைக் கூடுதலாகத் தக்கவைத்திருந்தார்கள். அந்தப் பயிற்சி பெரும்பாலும் மூச்சு வாங்க வைக்கும் வகை, முழுக்க எடை தூக்கல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து தராத ஒன்றை உடற்பயிற்சி தருகிறது என்பதற்கு அது போதும்.

இவ்வளவையும் சொல்வதற்கு எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். மருந்துச் சீட்டு முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடுகிறது. உடலியக்கச் சிகிச்சைக்கான தேதியோ வாரக்கணக்கில் தள்ளிப் போகிறது. அதற்குள் மருந்தின் அளவு கூடிவிடும், பசி இன்னும் குறைந்துவிடும். ஊசியும் பயிற்சியும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அது கைகூடும்வரை, மருந்து வாங்க வரும் ஒவ்வொரு முறையும் இடுப்புச் சுற்றளவையும், கையால் இறுக்கிப் பிடிக்கும் கைப்பிடி வலுவையும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரத்தையும் எடையோடு சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்தபடி, ஐந்து முறைக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும், கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனாலும் தசைத் தேய்வைச் சந்தேகிக்க வேண்டும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால், அடுத்த அளவுக்குக் கூட்டுவதைச் சற்றுத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவருக்குக் குறிப்பு எழுதுகிறேன். எடை நன்றாகத்தானே இறங்குகிறது என்று சிலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்; சிலர் நிறுத்திவைத்து, முதலில் உடலியக்கச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.