மைனஸ் இருபதில் என்ஜின்: டிசம்பர் நாட்குறிப்பு

டிசம்பர் 2

காலையில் வெப்பநிலை மைனஸ் 19 பாகை. என்ஜினின் உடற்பகுதியான பிளாக்கைச் சூடேற்றும் பிளாக் ஹீட்டரை இரவு முழுவதும் மின்சாரத்தில் இணைத்து வைத்திருந்தும் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்து இழுத்து முனகியது. மூன்றாவது முயற்சியில்தான் என்ஜின் ஓடத் தொடங்கியது. முன்கண்ணாடிக்கு வெதுவெதுப்பான காற்று வருவதற்குப் பத்து நிமிடங்கள் ஆயின. ஹீட்டர் உண்மையிலேயே சூடேறியிருந்தால் இவை இரண்டுமே நடந்திருக்கக் கூடாது. மனைவி அதிகாலை ஐந்தரை மணிக்கே பணிக்குக் கிளம்ப வேண்டியவர் என்பதால், கடுங்குளிர் தொடங்குவதற்குள் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

டிசம்பர் 3

ஹீட்டரை இணைத்துவிட்டு என்ஜின் அருகே காதை வைத்துக் கேட்டேன். வேலை செய்யும் ஹீட்டராக இருந்தால் ஓரிரு நிமிடங்களில், அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்கு முன் எழுப்பும் சீறலைப் போன்ற மெல்லிய ஒலி கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மின்தடையை அளக்க மல்டிமீட்டரை எடுத்தேன். எங்கள் மின்னழுத்தம் 230 வோல்ட்; ஹீட்டர் 500 வாட்; 230ஐ 230ஆல் பெருக்கி 500ஆல் வகுத்தால் ஏறத்தாழ 106 ஓம் வர வேண்டும். முன்கிரில்லில் தொங்கும் பிளக்கின் இரு முனைகளுக்கிடையே அளந்தபோது எண்ணே வரவில்லை. சுற்று எங்கோ அறுந்திருக்கிறது.

அத்துடன் ஹீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தால் தவறாகியிருக்கும். வாகனத்தின் அடியில் படுத்து, ஹீட்டரின் தலையில் செருகியிருந்த கம்பியை உருவி, ஹீட்டரின் முனைகளை நேரடியாக அளந்தேன்: 107 ஓம். முனைக்கும் என்ஜினின் உலோகத்துக்கும் இடையே மின்கசிவும் இல்லை. ஆக, பழுது கம்பியில். பிளக்கைப் பிரித்துப் பார்த்தபோது, சாலையில் தூவும் உப்பு உள்ளே புகுந்து செம்புக் கம்பி பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. ஹீட்டரை மாற்றுவதென்றால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுவதையும் வடிக்க வேண்டும். கம்பியை மாற்றுவது அரை மணி நேர வேலை. இரண்டையும் தனித்தனியே அளந்து பார்ப்பதன் பயன் அதுதான்.

டிசம்பர் 5

புதிய கம்பியைப் பொருத்திவிட்டேன். புகைபோக்கிக் குழாயின் சூடும் சுழலும் பெல்ட்டும் அண்டாத பாதையில் அதைக் கொண்டுவந்து, கைப்பிடி தூரத்துக்கு ஒரு கட்டுப் போட்டிருக்கிறேன். சீறல் கேட்டது, மனம் நிறைந்தது. கூலன்ட் அளவையும் சரிபார்த்தேன். ஹீட்டரின் கம்பிச்சுருள் எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். காற்றுக்குமிழ் சூழ்ந்துகொண்டால் அதன் சூட்டை வாங்கிச் செல்ல எதுவும் இல்லாமல் விரைவில் எரிந்துபோகும்.

டிசம்பர் 6

மைனஸ் 17. முதல் திருப்பலிலேயே ஓடியது.

டிசம்பர் 12

இரவு முழுவதும் இணைத்து வைப்பது தேவையா என்ற கேள்வி நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்ததால், ஒரு டைமரை வாங்கி, வாகனத்தின் கோளாறுகளைக் கண்டறிவதற்கான துளையில் செருகும் அளவியைக் கொண்டு, புறப்படும் முன் கூலன்ட்டின் வெப்பநிலையை இந்த வாரம் முழுவதும் குறித்துவந்தேன். வெளியே ஏறக்குறைய மைனஸ் 20 இருந்த காலைகளை மட்டுமே கணக்கில் எடுத்தேன். ஒரு மணி நேரம் சூடேற்றியபோது மைனஸ் 6. இரண்டு மணி நேரத்தில் 3. மூன்று மணி நேரத்தில் 10. பத்து மணி நேரத்தில் 19. முதல் மூன்று மணி நேரம் முப்பது பாகை ஏற்றித் தந்தது. அதற்குப் பிந்தைய ஏழு மணி நேரம் தந்தது ஒன்பது மட்டுமே. என்ஜின் சூடாகச் சூடாக அது வெளிக்காற்றுக்கு இழக்கும் வெப்பமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் ஹீட்டர் கொடுப்பதும் காற்று பறிப்பதும் சமமாகிவிடுகின்றன. மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம், பத்து மணி நேரத்துக்கு ஐந்து யூனிட். இனி டைமர் இரண்டரை மணிக்குத் தொடங்கும்.

டிசம்பர் 15

ஹீட்டர் என்பது வண்டியைக் கிளப்ப மட்டும் உதவும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குளிர் இரு பக்கமிருந்தும் நெருக்குகிறது: பேட்டரியின் வேதிவினை மந்தமாகி அது தரக்கூடிய ஆற்றல் குறைகிறது, அதே நேரத்தில் ஆயில் தடித்து, என்ஜினைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றல் கூடுகிறது. பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குளிர்த் தொடக்க ஆம்பியர் எண்கூட (குளிரில் என்ஜினைக் கிளப்ப அது தரக்கூடிய மின்னோட்டம்) மைனஸ் 18 பாகையில் அளக்கப்படுவதுதான். ஆனால், கிளம்பிய பிறகான சில நிமிடங்களே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. தடித்த ஆயில் மேல்பகுதிகளைச் சென்றடையத் தாமதமாகும் அந்த நேரத்தில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் கூடுதலாகச் செலுத்தப்பட்டு, எரியாத மிச்சம் சுவர்களில் வழிந்து ஆயிலோடு கலக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியும் சூடேறும்வரை வேலை செய்வதில்லை.

இங்கே ஹீட்டரின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பம்ப் ஓடாத நிலையில் சூடான கூலன்ட் தானாக மேலெழுந்து பிளாக்கையும் அதன் மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டையும் வெதுவெதுப்பாக்குகிறது; அடியில் தொட்டியில் கிடக்கும் ஆயிலுக்கு அதில் சிறு பங்கே போய்ச் சேரும். எனவே 5டபிள்யூ-30 ஆயிலை மாற்றி, தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் 0டபிள்யூ-30 ஊற்றினேன். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குறையக் குறைய ஆயில் குளிரில் தடிப்பதும் குறையும். 5டபிள்யூ ஆயிலின் குளிர்த் தடிமன் மைனஸ் 30 பாகையிலும் 0டபிள்யூ ஆயிலுடையது மைனஸ் 35 பாகையிலும் சோதிக்கப்படுகின்றன. எங்களுக்கு வரப்போகும் குளிருக்கு அந்த ஐந்து பாகை முக்கியம்.

டிசம்பர் 18

இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சூடேறும் போல்ட்டைப் பொருத்துவதுதான் அவருடைய வடிவம். என் வாகனத்தில் இருப்பதோ, வார்ப்பின்போது விடப்பட்ட துளையை அடைக்கும் தட்டையான மூடியை எடுத்துவிட்டு அங்கே பொருத்திய வகை. போல்ட் உலோகத்தைச் சூடாக்கியது; இது கூலன்ட்டையே சூடாக்குகிறது.

டிசம்பர் 22

மைனஸ் 26. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தபோது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை நிறுத்தும் கசிவுமின் துண்டிப்பான் இணைப்பைத் துண்டித்திருந்தது. நீட்டிப்புக் கம்பியும் வாகனத்தின் பிளக்கும் சேரும் இடம் பனிக்குள் புதைந்து, ஹீட்டர் இயங்கத் தொடங்கியதும் அங்கே எழுந்த சிறு வெப்பத்தில் பனி உருகி உள்ளே இறங்கியிருக்கிறது. துண்டிப்பான் தன் கடமையைச் செய்தது. அது இல்லாத இணைப்பில் ஹீட்டரைச் செருகவே கூடாது. துடைத்து உலர்த்தி, இணைப்பைத் தரையிலிருந்து உயர்த்திக் கொக்கியில் மாட்டினேன். வடியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டுவதற்காகக் கம்பியில் ஒரு தொங்கல் விட்டிருக்கிறேன். கம்பியும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கானதாக, எர்த் உள்ளதாக, குளிரில் விறைத்து வெடிக்காத ரப்பர் உறையுடையதாக இருக்க வேண்டும். சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் சுருளுக்குள் சூடு தேங்கும் என்பதால் முழு நீளத்தையும் விரித்தே வைக்கிறேன்.

டிசம்பர் 27

இந்த ஆண்டின் கடுமையான காலை: மைனஸ் 31. டைமர் இரண்டு மணிக்கே தொடங்கியது. ஐந்தரைக்குக் கூலன்ட் 1 பாகை. சாவியைத் திருப்பியதும் ஓடியது. கம்பியைக் கழற்றாமல் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டியிருக்கிறேன். மனைவி அதை அவிழ்த்து, பிளக்கை உருவி மூடியை மாட்டிவிட்டுப் புறப்பட்டார். நாளைக்கு மைனஸ் 33 என்கிறது முன்னறிவிப்பு. டைமரை ஒன்றரைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.