எட்டு பைட்டில் நின்றுபோன 12 ஜிபி

பதினொரு நாளாகப் படுத்திய சிக்கல் நேற்று ராத்திரி தீர்ந்தது. ஒவ்வொன்றும் 250 எம்பி இருக்கும் 49 டபிள்யூஆர்எஃப் (வானிலைக் கணிப்பு மாதிரி) கோப்புகள், சிதம்பரத்தில் என் வீட்டிலிருந்து நாகர்கோவில் அண்ணன் வீட்டுக்கு 21 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன. பத்து மணிக்கெல்லாம் அவர் மழை வரைபடத்தை அனுப்பிவிட்டார். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இந்த வரைபடம் மறுநாள் வந்தால் யாருக்குப் பயன்?

போன மாதம் வரை எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. என் இணைப்பு, அண்ணன் இணைப்பு இரண்டுமே சிஜிநாட்டுக்குள் (பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு) போன பிறகு, பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4-இல் ஒருவரை ஒருவர் எட்ட வழியில்லை. சரி, புதிய முறையான ஐபிவி6 இருக்கிறதே என்று, இரண்டு வீட்டுக் கணினிகளையும் இணைக்கும் வயர்கார்ட் சுரங்கத்தை (விபிஎன்) அதன் மேல் மாற்றிவிட்டேன். பிங் போனது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், கோப்புப் பட்டியலைக் காட்டியது. நேம்லிஸ்ட் (மாதிரியின் அமைப்புகள்) போன்ற சின்னக் கோப்புகளும் போயின. பெரிய கோப்பு மட்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றது. "தம்பி, பேரு வருது, ஆளு வரல" என்றார் அண்ணன்.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டு புது கேட்6 போட்டேன். அப்புறம் ஸ்விட்சை மாற்றினேன், ஆர்சிங்க்கின் வேகத்தை 5 எம்பிக்குக் கட்டிப்போட்டேன், அண்ணன் பக்கத்து ஹார்ட் டிஸ்க்கையும் சோதித்தோம். ஒன்றிலும் பலனில்லை. காலையில் அமேசான் எஸ்3-இலிருந்து ஜிஎஃப்எஸ் (டபிள்யூஆர்எஃப்புக்கு உள்ளீடாகும் அமெரிக்க உலக வானிலை மாதிரி) தரவு இறக்கம் மட்டும் சிக்கலே இல்லாமல் நடந்தது. 0.25 டிகிரிக் கட்டத்தில் மாதிரியின் ஒரு ஓட்டத்துக்கு 209 கோப்புகள், ஒவ்வொன்றும் சுமார் 500 எம்பி. நான் இன்டெக்ஸ் கோப்பைப் பார்த்து வேண்டிய துண்டுகளை மட்டும்தான் எடுக்கிறேன், இருந்தாலும் பல ஜிபி வரும். அது தடங்கல் இல்லாமல் வந்ததால், என் பக்கத்து இணைப்பில் கோளாறே இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டேன். நாலு நாள் வீணானது அந்த முடிவால்தான்.

போகும் வரும் துண்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைச் சுரங்கத்தின் மேல் ஓடவிட்டபோதுதான் கண் திறந்தது. 1368 பைட் துண்டு ஒன்று போகிறது. பதில் இல்லை. கால் நொடியில் அதே துண்டு, அரை நொடியில் மறுபடி அதே, பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, நாலு நொடி. இடையில் 100, 200 பைட்டில் போகிற எல்லாவற்றுக்கும் உடனே பதில் வருகிறது. சிக்கல் வேகத்தில் இல்லை, துண்டின் அளவில் இருந்தது.

சுரங்கத்துக்கு வெளியே ஐபிவி6-இல் அண்ணன் முகவரிக்கு, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் அடித்தேன். 1444 போட்டால் பதில் வந்தது. 1445 போட்டால் சத்தமே இல்லை. 1444-உடன் ஐபிவி6 தலைப்புக்கு (ஒவ்வொரு துண்டின் முன்னும் ஒட்டும் முகவரிப் பகுதி) 40, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பிக்கு 8 சேர்த்தால் 1492. ஃபைபர் இணைப்பில் உள்நுழையப் பயன்படும் பிபிபிஓஈ முறையின் எம்டியு, அதாவது ஒரு துண்டின் உச்ச அளவு, அச்சு அசலாக அதுதான்.

வயர்கார்ட் வழக்கமாகத் தன் எம்டியுவை 1420 என்று வைத்துக்கொள்கிறது. அதன் சொந்தச் சுமை 32, யுடிபி 8, ஐபிவி6 40, ஆக மொத்தம் 1500, எட்டு பைட் அதிகம். ஐபிவி4-இல் தலைப்பு 20 தான், அப்போது 1480-இல் முடிந்துவிடும். 1492-க்குள் சௌகரியமாக நுழையும். முன்பு ஓடியதற்கும் இப்போது ஓடாததற்கும் காரணம் இதுதான். எஸ்3 இறக்கம் தப்பித்ததற்குக் காரணம், ரவுட்டர் டிசிபி இணைப்புகளின் எம்எஸ்எஸ்-ஐ (ஒரு துண்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) தானே குறைத்துவிடுகிறது. வயர்கார்ட் யுடிபி என்பதால் அந்தச் சலுகை கிடையாது.

துண்டு பெரிதாக இருந்தால் ரவுட்டர் "பாக்கெட் டூ பிக்" என்று ஐசிஎம்பிவி6 செய்தி அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை. ஐபிவி6-இல் வழியில் இருக்கும் ரவுட்டர் துண்டாக்காது. இந்தச் செய்தியும் இல்லையென்றால் அனுப்புகிறவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைப்பதைப் போல எரிச்சல் தரும் வேலை வேறில்லை.

இரண்டு முனையிலும் வயர்கார்ட் எம்டியுவை எட்டு குறைத்து 1412 ஆக்கினேன். டிசிபிக்கு ஒரு முனையில் மாற்றினாலே போதும். ஆனாலும் வேறு ஏதாவது யுடிபியில் அனுப்பப் போய் மறுபடி மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. டிசிபிடம்ப்பில் 1360, 1360, 1360 என்று வரிசையாக ஓடியதை ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரவுட்டரையே ஓரங்கட்டலாம் என்று ரிச்சி தெருவில் நாலு லேன் போர்ட் உள்ள பழைய மினி பிசி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வாங்கும்போது கடையிலேயே நாலு போர்ட்டிலும் கேபிள் செருகிப் பார்த்துவிடுங்கள், ஒன்று செத்துப்போய் இருப்பது சகஜம். ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) பிரிட்ஜில், அதாவது வெறுமனே கடத்திவிடும் நிலையில் போட்டு, லினக்ஸே பிபிபிஓஈ பேசினால் 1492 என்பது அதற்கு முதலிலேயே தெரிந்துவிடும். ஐரோப்பிய வானிலை மையமான ஈசிஎம்டபிள்யூஎஃப்பின் 0.25 டிகிரி தரவையும் சேர்த்து இழுக்கச் சொல்லி அண்ணன் கேட்கிறார். அதற்கு முன், இன்றைய 12 யுடிசி (நம் நேரம் மாலை ஐந்தரை) ஓட்டத்தையும் அனுப்பிப் பார்க்க வேண்டும். இதுவரை 00 மட்டும்தான் போயிருக்கிறது.